திருகோணமலையில் தொழில் நடத்துவோரின் சமூக, சுற்றாடல் பொறுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுதி, சாப்பாட்டுக் கடை, கராஜ், படகுச் சேவை, சில்லறைக் கடை என்று திருகோணமலை மாவட்டத்தில் சிறிய, நடுத்தரத் தொழில் நடத்துபவர்களுக்காக இந்தப் பக்கம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெரிய ஆலைகளிடம் சட்டத்தரணியும் ஆலோசகரும் இருப்பார்கள். பத்து அறை விடுதி நடத்துபவருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவருடைய கழிவுநீரும் அதே மணலுக்குள்தான் இறங்குகிறது.

கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்கிறோம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கிறோம். சமூகப் பொறுப்பு என்பது இதுதானே?

அது தர்மம். நல்லது, தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் பொறுப்பு என்பது உங்கள் தொழில் நடப்பதாலேயே மற்றவர்மேல் ஏறும் சுமையைக் குறைப்பது. சமையலறை எண்ணெய் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகாமல் பார்ப்பது பொறுப்பு. அறை துடைக்கும் அக்காவின் சேமலாப நிதியை மாதம் தவறாமல் கட்டுவது பொறுப்பு. கொப்பி கொடுக்காவிட்டால் யாரும் உங்களைக் கேட்க முடியாது. இவற்றைச் செய்யாவிட்டால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கணக்கு இந்த வரிசையில்தான் தொடங்க வேண்டும்: முதலில் சொந்தக் கான், சொந்தச் சம்பளப் புத்தகம், பிறகு நன்கொடை.

இந்தியாவில் இலாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கவேண்டும் என்கிறார்களே, இங்கும் அப்படியா?

இல்லை. இந்தியாவின் 2013 கம்பனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய நிறுவனங்களுக்கு அப்படி விதிக்கிறது: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதம். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் இங்கே எல்லாம் விருப்பம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கடமைகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன: சுற்றாடல், தொழில், கரையோரம், வனவிலங்கு, நுகர்வோர் என்று.

சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் யாருக்குத் தேவை? எப்படி எடுப்பது?

1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும்தான் இதன் அடிப்படை. கழிவுநீர், புகை, சத்தம் என்று எதையாவது வெளியே விடும் தொழில்களை மாசின் கடுமையைப் பொறுத்து வகைப்படுத்தி வர்த்தமானியில் பட்டியலிட்டிருக்கிறார்கள். கடுமையான வகைகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும், மாசு குறைந்த வகைகளுக்கு உங்கள் உள்ளூராட்சி சபையும் பத்திரம் கொடுக்கும். விடுதி என்றால் அறை எண்ணிக்கைதான் வகையைத் தீர்மானிக்கும். பட்டியல் அவ்வப்போது மாறுவதால், பழைய பத்திரத்தில் இருக்கும் வகையே இன்றும் பொருந்தும் என்று இருந்துவிடாதீர்கள்.

நடைமுறை இதுதான். கட்டுவதற்கு முன்பே இடத்துக்கான அனுமதியைக் கேளுங்கள். பிறகு விண்ணப்பத்துடன் தொழில் பதிவு, காணி ஆவணம், கட்டட வரைபடம், கழிவுநீர் எங்கே எப்படிப் போகும் என்று காட்டும் வரைபடம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பரிசோதனைக் கட்டணம் கட்டியபின் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், நிபந்தனை சொல்வார்கள். அவற்றை நிறைவேற்றிய பின் பத்திரம் வரும்.

பெரும்பாலும் பிழை நடப்பது இரண்டு இடங்களில். ஒன்று, கட்டிடம் முழுவதும் எழும்பிய பிறகு விண்ணப்பிப்பது. அப்போது கழிவுத் தொட்டிக்கு ஒதுக்க இடமே இருக்காது. மற்றது, எட்டு அறைக்குப் பத்திரம் எடுத்துவிட்டுப் பதினான்கு அறையாகக் கூட்டுவது. தொட்டி எட்டு அறைக்கானதாகவே இருக்கும், சீசன் நேரத்தில் முற்றத்தில் பொங்கும்.

99 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல் என்றால் இது போதாது. 1993 வர்த்தமானியின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் வரும். முழு மதிப்பீட்டு அறிக்கை ஒன்று கோரப்பட்டால் அது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்குத் திறந்து வைக்கப்படும். கடற்கரையோரக் காணி என்றால் இன்னொரு கதவும் உண்டு. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

நிலாவெளிப் பக்கம் மணல் நிலம். கழிவுக்குழி வெட்டினால் தண்ணீர் உடனே இறங்கிவிடுகிறது. அது நல்லதுதானே?

இறங்குவது உண்மை. எங்கே இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மணல் வேகமாக உறிஞ்சும், ஆனால் குறைவாகவே வடிகட்டும். கிருமியும் நைத்திரேற்றும் நிலத்தடி நீரோடு சேர்ந்து கிணறுகளுக்குப் போகும்.

இங்கே இன்னொரு சிக்கல் பருவகாலம். ஆவணி மாதத்தில் குழி வெட்டினால் ஆறடியில்கூடக் காய்ந்த மணல் வரும்; மேசன் திருப்தியாகக் கல் அடுக்கிவிட்டுப் போவார். மார்கழி மாரியில் அதே இடத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்து குழியின் பாதியை நிரப்பிவிடும். அப்போது மலக்கழிவும் கிணற்று நீரும் ஒரே நீராகிவிடுகிறது, இடையில் மண்ணே இல்லை. ஆகையால் நீர்மட்டத்தை மாரியில் அளந்து வையுங்கள். பக்கத்துக் கிணற்றில் தரையிலிருந்து நீர்வரை கயிறு விட்டுப் பார்த்தாலே போதும். மாரிகால நீர்மட்டத்துக்கும் உறிஞ்சு குழியின் அடிக்கும் இடையில் ஒரு மீற்றருக்குக் குறையாமல் காய்ந்த மண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழியைக் கீழே தோண்டாமல், தரைக்கு மேலே மண் மேடு கட்டி அதற்குள் கழிவுநீரைப் பரவவிடும் முறைக்குப் போங்கள். செலவு கூடும், வேறு வழி இல்லை.

கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி விட வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். மணலில் அதைவிடக் கூடுதலாக விடுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அப்பால் இருக்கும் கிணற்றையும் அளக்க வேண்டும்.

தொட்டியின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: பத்து அறை, அறைக்கு இருவர், ஆளுக்கு 200 லீற்றர் என்றால் நாளுக்கு 4,000 லீற்றர். அடியில் மண்டி சேர்ந்த பிறகும் ஒரு நாள் நீர் முழுவதும் தங்கி நிற்க இடம் வேண்டும். எனவே 4,000 லீற்றர் தொட்டி போதாது, 6,000க்கு மேல் போடுங்கள். நீர் இறங்காத முழுச் சீமெந்துத் தொட்டி, அதற்குப் பிறகுதான் உறிஞ்சும் பகுதி.

தொட்டி அடைத்தால் ஆளை உள்ளே இறக்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். உள்ளே நிற்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு முதலில் முட்டை அழுகிய மணமாக வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது, ஆள் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். உள்ளூராட்சி சபையின் பவுசரைக் கூப்பிட்டுக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பதுதான் வழி.

சாப்பாட்டுக் கடைக்கு எண்ணெய்ப் பொறி கட்டச் சொல்கிறார்கள். அதை எப்படிக் கட்டுவது, ஏன் அடிக்கடி பழுதாகிறது?

சூடான எண்ணெய் கலந்த நீர் ஓடிக்கொண்டிருந்தால் எண்ணெய் மிதக்க நேரம் கிடைக்காது. நீரை அரை மணி நேரம் ஆறவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பையும் அடியில் படியும் பருக்கையையும் பிடித்துவைக்கும் தொட்டிதான் எண்ணெய்ப் பொறி. இரண்டு சிங்க் ஒரே நேரத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் விட்டால், 30 நிமிடத்துக்கு 600 லீற்றர். 1.2 மீற்றர் நீளம், 0.7 மீற்றர் அகலம், 0.75 மீற்றர் நீர் ஆழம் என்றால் 630 லீற்றர் வரும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். வெளியே போகும் குழாயில் டி வடிவத் துண்டு பொருத்தி, அதன் வாயை நீருக்குள் இறக்கி, அடியிலிருந்து ஏறத்தாழ ஓரடி உயரத்தில் விடுங்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் மிதக்கும் எண்ணெய்தான் முதலில் வெளியே போகும். பல பொறிகள் பெயருக்கு மட்டும் பொறியாக இருப்பதன் காரணம் இந்தச் சின்னத் துண்டு இல்லாததுதான்.

சிங்க் வாயில் கம்பி வலைக் கூடை வையுங்கள். சோற்றுப் பருக்கையும் மீன் செதிலும் பொறிக்குள் போனால் இரண்டே நாளில் புளித்து நாறும். கொதிநீரை நேரே ஊற்றினால் உறைந்திருந்த கொழுப்பு உருகி ஓடிவிடும். எண்ணெய் கரைக்கும் திரவங்களும் அதே வேலையைத்தான் செய்யும்: இங்கே கரைத்து, குழாயில் நாலடி தள்ளி மறுபடி உறையவைக்கும்.

ஒரு கம்பை மெதுவாக இறக்கிப் பாருங்கள். மேல் கொழுப்பும் அடி மண்டியும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கை எட்டினால், நம் அளவில் சுமார் 19 சென்ரிமீற்றர், அள்ள வேண்டும். கொத்தும் பொரியலும் நடக்கும் கடைக்கு வாரம் ஒரு தடவை வரும். அள்ளியதைக் கானுக்குள்ளோ கடற்கரையிலோ கொட்டாமல், நீர் வடியவிட்டு மூடிய வாளியில் சபையின் கழிவு சேகரிப்புக்குக் கொடுங்கள். பொரித்து முடிந்த எண்ணெயைப் பொறிக்குள் ஊற்றவே கூடாது, தனி ரின்னில் சேருங்கள். அதை மலிவாகச் சின்னக் கடைகளுக்கு விற்பது சுகாதாரக் குற்றம் மட்டுமல்ல, அந்தக் கடையில் சாப்பிடும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

வெளியேறும் கழிவுநீரின் தரத்துக்கு 2008 வர்த்தமானி அளவுகளைச் சொல்கிறது. உள்நாட்டு நீர்நிலைக்குள் விடுவதென்றால் லீற்றருக்கு உயிரியல் ஒட்சிசன் தேவை (நுண்ணுயிர்கள் கழிவை உக்கவைக்க எடுக்கும் ஒட்சிசன்) 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் தேவை (இரசாயன முறையில் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசன்) 250, நீரில் கரையாமல் தொங்கும் திண்மம் 50, எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராம். பொறி இல்லாத கடையின் நீர் இந்தக் கடைசி எண்ணைத் தொடவே முடியாது.

எந்தெந்தப் பிளாஸ்ரிக், பொலித்தீன் பொருட்களுக்குத் தடை?

2017 செப்ரெம்பர் 1 முதல் லஞ்ச் சீற், 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்குத் தடை. திறந்த வெளியில் பிளாஸ்ரிக் குப்பை எரிப்பதும் அதே காலத்தில் தடுக்கப்பட்டது. 2021இல் சிறிய சாஷே பைக்கற்றுகள் (உணவும் மருந்தும் விலக்கு), பிளாஸ்ரிக் தண்டுள்ள காதுக் குச்சிகள் முதலியவை. 2023 ஒக்ரோபர் 1 முதல் ஸ்ரோ, கலக்கும் குச்சி, தட்டு, கோப்பை, கத்தி, முள்ளுக்கரண்டி, யோகட் கரண்டி உட்படக் கரண்டிகள், பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு. 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. அதன் விலை பில்லில் தெரிய வேண்டும்.

‘உக்கும் பை’ என்று விற்பதை எல்லாம் நம்பாதீர்கள். சில வகைகள் வெயிலில் நொறுங்கித் தூளாகும், அவ்வளவுதான். தூளும் பிளாஸ்ரிக்தான், பொறுக்கவும் முடியாது. வாழையிலையும் கடுதாசியும் கிடைக்கும் ஊரில் நமக்கு இந்தச் சங்கடம் தேவையில்லை.

இங்கே இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் பட்டினத்து வீதிகளிலும் உலவும் புள்ளிமான்களுக்கு, கறி ஊறிய லஞ்ச் சீற் உணவுபோல மணக்கும். சீற்றோடு சேர்த்து விழுங்கும். அது இரைப்பையில் உருண்டு அடைத்துவிட்டால் மான் வயிறு நிறைந்ததுபோல இருந்து பட்டினியால் சாகும். இரவு கடை மூடும்போது சாப்பாட்டுக் கழிவைப் பையில் கட்டி வாசலில் வைப்பதை நிறுத்தினாலே பாதி தீரும். கனமான, கொக்கி போட்ட மூடியுள்ள தொட்டியில் உள்ளே வைத்திருந்து, சபை வண்டி வரும் காலையில் வெளியே எடுங்கள்.

கராஜ், வாகனம் கழுவும் இடத்தில் கழிவு ஒயிலை என்ன செய்வது?

மண்ணில் ஊற்றக் கூடாது, வேலிக் கட்டைக்குப் பூசக் கொடுக்கவும் கூடாது. மூடியுள்ள பரலில் சேர்த்து, ஆபத்தான கழிவைச் சேகரிக்க அனுமதியுள்ளவருக்குக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பரல் நிற்கும் இடம் சீமெந்துத் தரையாக, கூரையோடு, சுற்றிவரக் கட்டோடு இருக்க வேண்டும். கட்டுக்குள் பரலின் கொள்ளளவைவிடப் பத்து சதவீதம் கூடக் கொள்ள வேண்டும். 200 லீற்றர் பரலுக்கு 220 லீற்றர்: உட்பக்கம் ஒன்றரை மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம் வைத்தால் 225 வரும். கூரை போடாவிட்டால் ஒரே மாரி மழையில் கட்டு நிரம்பி ஒயில் மிதந்து வழியும். கழுவும் நீரை முதலில் மண் படியும் தொட்டிக்கும், பிறகு ஒயில் பிரிக்கும் தொட்டிக்கும் விடுங்கள். வரிசை மாறினால் மண் இரண்டாவது தொட்டியை நிரப்பிவிடும்.

விடுதியில் இசை, ஜெனரேற்றர். சத்தத்துக்கு அளவு என்ன?

1996 ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நகர, மாநகர சபைப் பகுதிகளில் 63, 50. வைத்தியசாலை, பாடசாலை போன்ற அமைதி வலயத்தில் 50, 45. பலர் கவனிக்காதது: இந்த விதியில் ‘இரவு’ மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாக வேண்டும், எத்தனை மணிவரை என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

ஊழியருக்கு என்னென்ன கட்டாயம்?

குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய், நாட்கூலி என்றால் 1,200. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3. மாதம் 40,000 வாங்குபவர் என்றால் அவருடைய சம்பளத்தில் கழிப்பது 3,200. உங்கள் பையிலிருந்து 4,800உம் 1,200உம், ஆக 6,000. அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் சேமலாப நிதிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மிகைக் கட்டணம் ஏறும்.

சீசனுக்கு மட்டும், ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை, எடுக்கும் ஆட்களுக்கு இது தேவையில்லை என்பது இந்தக் கரையில் ஊறிப்போன தவறான எண்ணம். தற்காலிக ஊழியர், தகுதிகாண் காலத்தில் இருப்பவர், எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் நிதிக்கான உழைப்பூதியக் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்து விலகுபவருக்குப் பணிக்கொடை: மாதச் சம்பளம் வாங்குபவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 40,000 வாங்கி ஆறு வருடம் வேலை செய்தவருக்கு 120,000 ரூபாய், 30 நாளுக்குள். மகப்பேற்று விடுமுறை எந்தப் பிள்ளைக்கும் 84 வேலை நாள். வேலைக்கு எடுக்கக்கூடிய வயது 2021இலிருந்து 16. ஆபத்தான வேலைக்கு 18. விடுமுறைக்கு வந்து உதவும் உறவுக்காரப் பையன் என்று சொன்னாலும் வயது வயதுதான்.

நியமனக் கடிதத்தை ஊழியர் வாசிக்கும் மொழியில் கொடுங்கள். புரியாத தாளில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது.

கடற்கரைக் காணிக்கு வேலி போடலாமா? மீனவர் வந்து போவது விருந்தினருக்கு இடைஞ்சல்.

உங்கள் உறுதியிலுள்ள எல்லைவரைதான் வேலி, அதுவும் கரையோரத் திணைக்கள அனுமதியோடு. மணற்கரை பொதுச்சொத்து. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் கரைவலை இழுப்பவர்கள் இருபுறமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையோரமாக நகர்ந்துதான் வலையைக் கொண்டுவருகிறார்கள். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு கொங்கிறீற் தூண் ஒரு பாட்டையே (கரைவலை இழுக்கும் இடத்தையே) இல்லாமல் செய்துவிடும். சாய்கதிரை போடுமுன் பாட்டுக்காரரிடம் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வலை ஏறும், எவ்வளவு இடம் வேண்டும். அந்த மீனையே உங்கள் சமையலறைக்கு வாங்கினால் இரு பக்கமும் பிழைக்கும்.

புறாத்தீவுக்குப் படகு விடுகிறோம். எதில் கவனம் வேண்டும்?

2003இலிருந்து அது தேசிய பூங்கா. நங்கூரத்தை முருகைக்கல்மேல் போடாமல் மணலில் போடுங்கள். கொம்பு முருகைக்கல் ஒரு கிளை வளர வருடங்கள் எடுக்கும், காலால் மிதித்தால் ஒரே நொடியில் முறியும். நீந்தத் தெரியாதவர்தான் பயத்தில் முருகைக்கல்மேல் எழுந்து நிற்பார். எனவே மிதவை அங்கி கொடுப்பது ஆளுக்கும் பாதுகாப்பு, கல்லுக்கும் பாதுகாப்பு. எதைத் தொடக்கூடாது என்பதைக் கரையிலேயே சொல்லுங்கள், தண்ணீருக்குள் போன பிறகு யாருக்கும் கேட்காது.

உயர்தர வணிகக் கல்வியில் வரும் சமூகப் பொறுப்பின் நான்கு படிகள் எவை?

அமெரிக்க முகாமைத்துவப் பேராசிரியர் ஆர்ச்சி கரோல் 1991இல் கூம்பகமாக வரைந்தது: அடியில் பொருளாதாரப் பொறுப்பு, அதன்மேல் சட்டம், பிறகு ஒழுக்கம், உச்சியில் கொடை. கராஜை எடுத்தால்: நட்டமில்லாமல் நடத்துவது, சேமலாப நிதி கட்டுவது, தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்லி ஏமாற்றாமல் இருப்பது, நூலகத்துக்குப் புத்தகம் கொடுப்பது.

மாசுபடுத்தினால் யார் செலவு ஏற்க வேண்டும்?

மாசுபடுத்தியவர். சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் இந்தக் கொள்கையைத்தான் பின்பற்றி 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் 2025 யூலையில் 100 கோடி அமெரிக்க டொலர். பணம் வந்தாலும் கிணறு உடனே திருந்துவதில்லை. நிலத்தடியில் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க வழி மிகக் குறைவு.

பக்கத்துத் தொழிற்சாலையால் எங்களுக்குப் பாதிப்பு. என்ன செய்யலாம்?

முதலில் திகதி, நேரம், மணம், நிறம் எழுதி, படம் எடுத்து வையுங்கள். கிணற்று நீர் என்றால் சுத்தமான போத்தலில் எடுத்து உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகியவற்றுக்கு எழுத்தில் முறைப்பாடு. ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அந்த நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தையும் நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதிகார சபையிடம் கேட்கலாம்; 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். பத்திரத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று தெரிந்தபின் எழுதும் முறைப்பாட்டுக்குத்தான் பலம். அதற்கும் அசைவில்லை என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்கீழ் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போகலாம்.

எவற்றைப் பதிவில் வைத்திருக்க வேண்டும்?

ஒரு சிஆர் கொப்பி போதும். பொறி அள்ளிய நாள், பவுசர் வந்த நாளும் பற்றுச்சீட்டும், ஒயில் கொடுத்த அளவு, சேமலாப நிதி கட்டிய ரசீது, மாரியில் அளந்த கிணற்று நீர்மட்டம், பத்திரம் முடியும் திகதி. பத்திரம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பான பக்கத்தில் இன்றே சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.